ஓடாமல் பார்க்க ஓர் ஆள்

எங்கள் லயத்தில் சேவல் வளர்த்தவர்கள் எல்லாரும் அதைக் கறிக்காகத்தான் வளர்த்தார்கள். விடிந்ததைச் சொல்ல அக்கா இருந்தார். பனி தேயிலைச் செடிகளின் மேல் படுத்திருக்கும்போதே இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்றுகொண்டு, "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம் ஆண்டவரே! எல்லாரும் வந்து பாருங்க!" என்று ஒரு சத்தம் போடுவார். றக்வானையிலிருந்து ஏறி வரும் பஸ் திரும்பிப் போகிற கடைசித் தோட்டம் எங்களுடையது. அதற்கும் மேலே இருக்கிற பங்களா வரைக்கும் அந்தச் சத்தம் கேட்கும் என்று தொரையின் சமையல்காரர் ஒருமுறை முறைப்பாடு செய்தார்.

நான் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவு வேலை முடித்துவிட்டு வந்து அப்போதுதான் படுத்திருப்பேன். ஒரே வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் அவருடைய காம்பராவுக்கும் என்னுடைய காம்பராவுக்கும் நடுவில் இருந்தது கூரையைத் தொடாத சுவர். அவர் தும்மினால் என் மனைவி திரும்பிப் படுப்பாள்.

"தம்பி, எழும்பி வாங்க. மேகம் கீழ இருந்து மேல போகுது."

"அக்கா, நேத்தும் அதுதானே போச்சு."

"அது நேத்துப் போட்டது தம்பி. இது புதுசு."

நான் போர்வையை இழுத்து மூடுவேன். "ஒருதடவ போய்ப் பாத்துட்டு வந்து படுங்களேன். பாக்காட்டி விடவே மாட்டாங்க" என்பாள் மனைவி. எழுந்து போய்ப் பார்ப்பேன். மேகம் போய்க்கொண்டுதான் இருக்கும். "பாத்தாச்சுக்கா" என்று சொல்வேன். அவருக்கு அது போதும். நல்ல பிள்ளை என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த காம்பராக் கதவைத் தட்டப் போய்விடுவார்.

எங்கள் லயத்தில் முக்கால்வாசிப்பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். வேதக்காரர்கள் என்று அக்காவும் இன்னும் சிலரும்தான். அவருக்கு வீட்டில் வைத்த ஒரு பெயர் இருந்தது. ஆனால் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் கணக்கப்பிள்ளைகூட அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ஸ்தோத்திர அக்கா. இப்போது மகளோடு கரவனெல்லைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் இருக்கிறார் என்று கேள்வி. அந்தத் தோட்டத்தில் யார் தூக்கத்தை இழந்தார்களோ தெரியாது.

மலையில் கொழுந்து எடுக்கும்போதும் இதே கதைதான். மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து அட்டைகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பெண்கள் சவர்க்காரத்தையும் உப்பையும் காலில் பூசிக்கொண்டு, அட்டையின் வம்சத்தையே ஏசிக்கொண்டு நிரையில் ஏறுவார்கள். அக்கா ஓர் அட்டையை இலை நுனியில் வைத்துக்கொண்டு, அது நீண்டு எழுந்து காற்றில் ஆளைத் தேடுவதை எல்லாருக்கும் காட்டுவார். "கண்ணு இல்ல, காது இல்ல. எப்படித் தேடுது பாருங்க! ஸ்தோத்திரம் ஆண்டவரே!"

"கொழுந்தெடுக்க வந்தியா, ஜெபம் பண்ண வந்தியா?" என்று கணக்கப்பிள்ளை கத்துவார்.

"ரெண்டுக்குந்தாங்க ஐயா. கை இங்கதானே இருக்கு" என்று அவர் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே சொல்வார். கை என்னவோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அவருடைய சாக்கு ஸ்டோருக்கு வந்தால் எங்களுக்குத்தான் வேலை. கொழுந்தை வாட்டும் தட்டில் பரப்பினால் நடுவில் ஒரு நத்தை ஓடு இருக்கும், மைனா இறகு இருக்கும், நீலமாக ஏதோ ஒரு காட்டுப்பூ இருக்கும். எல்லாவற்றையும் பொறுக்கி ஜன்னலில் வைப்பது என் பொறுப்பு. ஒருநாள் தொரை வந்து அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு, இது என்ன பூசையா என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். பூசை என்றால் தொரைமார் கை வைக்க மாட்டார்கள்.

பஸ்ஸில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. றக்வானையில் சாமான் வாங்கிக்கொண்டு நாங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தோம். மலையைச் சுற்றி ஏறும் பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அங்கிருந்து பார்த்தால் கீழே கஹவத்தைப் பக்கத்து றப்பர் தோட்டங்கள் வரைக்கும் தெரியும். அன்றைக்குப் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிரம்பியிருந்தது. அக்கா மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டார். விட்டுவிட்டு இழுத்தால் பரவாயில்லை, பிடித்தபடி தொங்கினார்.

பஸ் நின்றது. "மொகத அக்கே, என்ன நடந்த?" என்று கொண்டக்டர் ஓடிவந்தார். டயர் போய்விட்டது என்று நினைத்துப் பின் கதவால் சிலர் இறங்கிவிட்டார்கள். அக்கா கையை நீட்டி, "பலன்ன மல்லி, பலன்ன!" என்று அவருக்குச் சிங்களத்தில் மேகத்தைக் காட்டினார். டிரைவர் வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வந்திருக்காது. அதற்குள் முன் ஆசனத்தில் இருந்த ஒரு பிக்கு எட்டிப் பார்த்துவிட்டு, "ஹரி லஸ்ஸனய்" என்றார். ஹாமுதுருவே ரொம்ப அழகு என்று சொன்ன பிறகு டிரைவர் என்ன செய்வார்? இறங்கி அவரும் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த வளைவு வந்தால் பஸ் தானாக மெதுவாகும். "ஸ்தோத்திர ஹோல்ட், பஹின்ன!" என்று இறங்கச் சொல்லிக் கொண்டக்டர் கத்துவார். அங்கே வீடும் இல்லை, கடையும் இல்லை. ஆனாலும் கொஞ்ச நாளில் அந்த இடத்துக்கு டிக்கெட் கேட்டு இறங்க ஆட்கள் வந்துவிட்டார்கள்.

எல்லா இடத்திலும் இது சிரிப்பாக முடியவில்லை. எங்கள் லயத்தில் ஒரு பெரியவர் தவறியபோது குழி வெட்டினோம். மேலே கறுப்பு மண், அதற்குக் கீழே மஞ்சள், அடியில் ரோஜா நிறத்தில் ஒரு களிமண். இங்கே எங்கே வெட்டினாலும் இரத்தினக் கல் வருமா என்றுதான் பார்ப்பார்கள். அக்கா மண்ணைப் பார்த்தார். பார்த்ததும் அழுதுகொண்டிருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையைத் தட்டிவிட்டார். "ஸ்தோத்திரம்! என்னா நெறம்! இதுக்குள்ளயா படுக்கப் போறாரு!"

செத்தவரின் மகன் மண்வெட்டியோடு அவரைத் தேயிலைக்குள் துரத்தினான். நாங்கள் நாலைந்து பேர் ஓடிப்போய் அவனைப் பிடித்தோம். எனக்கும் அன்றைக்கு அவர்மேல் கோபம்தான். இழவு வீட்டில் என்ன பேசுவது என்று ஒரு கணக்கு இல்லையா? அவரிடம் அந்தக் கணக்கு இல்லவே இல்லை. அதை நினைத்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

அந்தக் கோபத்தில்தான் ஒருநாள் இஸ்தோப்பில் உட்கார்ந்து வெடுக்கென்று கேட்டேன். அவருடைய புருஷன் சின்ன வயதிலேயே மின்னல் விழுந்து செத்தவர். "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம் சொல்றீங்களே அக்கா, அண்ணன் போனதுக்கும் சொன்னீங்களா?"

அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "இல்ல தம்பி. அந்த விசயத்துல நானும் ஆண்டவரும் இன்னும் பேசிக்கிறதில்ல. மத்தது எல்லாத்தையும் பத்திப் பேசிக்குவோம்."

அவரே தொடர்ந்தார். "விருந்து வச்சிக் கூப்புட்டவர் வீட்டுல கோவம் இருந்தாலும் சாப்புட்டுத்தானே எழும்பணும்? அது மரியாத."

"சரி, நீங்க சாப்புடுங்க. எங்கள எதுக்கு எழுப்புறீங்க?"

"இம்புட்டுப் பெருசா செஞ்சிருக்காரு தம்பி. நான் ஒருத்தி மட்டும் பாத்தா, எனக்காக மட்டும் செஞ்ச மாதிரி ஆகிப்போகும். எனக்கு வெக்கமா இருக்கு."

அவர் எங்களை விடாமல் கூப்பிட்டதன் காரணம் இவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்ட பிறகும் எனக்குத் தூக்கம் வந்துகொண்டுதான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவருடைய சபையிலும் அவரைச் சமாளிக்க முடியவில்லை. எங்கள் தோட்டத்து ஜெபக்கூடத்துக்கு இளவயதில் ஓர் உபதேசியார் இருந்தார். அக்கா ஜெபம் பண்ண எழும்பினால் பாசிக்கு, நத்தைக்கு, மழைக்குப் பிறகு வரும் ஈசலுக்கு என்று நன்றி போய்க்கொண்டே இருக்கும். மற்றவர்களின் அடுப்பில் சோறு குழைந்துவிடும். கடைசியில் உபதேசியார் ஒரு ஞாயிறுக்கு ஒரு பொருளுக்கு மட்டும் நன்றி சொல்லலாம் என்று அவருக்கு ஒரு சட்டம் போட்டார். அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவர் கிழமை முழுக்கத் தவித்தார். சனிக்கிழமை என் மனைவியிடம் வந்து, "பலாப்பிஞ்சச் சொல்லவா, மரங்கொத்தியச் சொல்லவா?" என்று கேட்பார். மனைவி மாரியம்மனை நினைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்லி அனுப்புவாள்.

அறுவடைப் பண்டிகைக்கு எல்லாரும் பூசணி, முருங்கைக்காய், கோழி என்று கொண்டுபோய் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். அக்கா ஒரு கவட்டைக் கம்பில் சிலந்தி வலையைப் பிய்யாமல் எடுத்துக்கொண்டு போனார். எடுத்தபோது அதில் பனித்துளி இருந்ததாம். ஜெபக்கூடம் போய்ச் சேருவதற்குள் காய்ந்துவிட்டது. சிலந்தி மட்டும் இருந்தது. ஏலம் விட்டவர் கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இத யாராவது எடுக்கிறீங்களா?" என்றார். முன்வரிசைப் பெண்கள் பின்வரிசைக்குப் போனார்கள். யாரும் கேட்காததால் அக்காவே திருப்பி எடுத்துக்கொண்டு வந்து, பழைய இடத்தில் சிலந்தியை விட்டுவிட்டார். "பாத்தீங்களா, ஆலயத்துக்குப் போயிட்டு வந்திருக்கு" என்று அதைப்பற்றி எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

அந்த ஐப்பசி மழையில்தான் அது நடந்தது. பல நாள் விடாமல் பெய்த மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் கொஞ்சம் ஓய்ந்தது. டீவியில் கிரிக்கெட். இலங்கை வெல்லுமா தோற்குமா என்கிற இடம். லயமே காம்பராக்களுக்குள் கிடந்தது. முழங்கால் வலியென்று வாசலைத் தாண்டாத பழைய கங்காணிகூடக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா ஜெபக்கூடத்திலிருந்து ஓடிவந்தார். லயத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம், அதைத் தாண்டினால் கோயில் மேடு. மேட்டுக்குக் கீழே ஒரு பெரிய கல். அந்தக் கல்லுக்குள்ளிருந்து தண்ணீர் வருகிறது, முந்தி ஒருநாளும் வராத இடத்தில் வருகிறது, கண்ணாடி மாதிரி வருகிறது என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிச் சொன்னார்.

"அக்கா, கடைசி ஓவர். முடிஞ்சதும் வாறோம்" என்றேன்.

"அதுவரைக்கும் வெளிச்சம் இருக்காது தம்பி. இப்ப வெயில் அதுல விழுகுது."

"கொஞ்சம் பேசாம இருங்கக்கா!"

அவர் பேசாமல் போனார். போய், லயத்துக் கோடியில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டார். திரும்பப் போட்டுவிடுவார்கள் என்று பியூஸ் கட்டையையும் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு கோயில் மேட்டுப் பக்கம் ஓட்டம் பிடித்தார்.

எங்கள் லயம் ஒற்றுமையாக வெளியே வந்தது எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லாரும் ஏசிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓடினோம். திரும்பிப் பார்த்தால் பழைய கங்காணி ஊன்றுகோலைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். முழங்கால் வலி எங்கே போனது என்று இன்றுவரை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பள்ளத்தைத் தாண்டிக் கல்லடிக்குப் போனோம். அக்கா பியூஸ் கட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். "பாத்தீங்கன்னா தாரேன். சும்மா ஒருக்காப் பாருங்க, அவ்வளவுதான்."

பியூஸுக்காகப் பார்த்தோம். கல்லின் வெடிப்பிலிருந்து தண்ணீர் வளைந்து விழுந்துகொண்டிருந்தது. வெயில் அதற்குள்ளே போய் வெளியே வந்தது. விழுகிற இடத்தில் ஒரு குட்டி நண்டு, வீடு மாறி வந்த ஆளைப்போல், அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவ்வளவு கோபத்தில் யார் அதை ஒத்துக்கொள்வார்கள்?

"தா இங்க" என்று கங்காணி கையை நீட்டினார். அக்கா கட்டையைக் கொடுத்தார். அப்போது பின்னால் சத்தம் கேட்டது. முதலில் மரங்கள் முறிகிற சத்தம், பிறகு வேறு சத்தம். நாங்கள் திரும்பியபோது லயத்துக்கு மேலே இருந்த மலை, செடியும் மரமுமாக, இறங்கி வந்துகொண்டிருந்தது. லயம் எங்கே என்று தேடுவதற்குள் அது இல்லை. பள்ளம் நிரம்பிச் சேறு எங்கள் காலடிவரை வந்து நின்றது. பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம், பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். எல்லாரும் இருந்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. கங்காணியின் கையில் அந்தப் பியூஸ் கட்டை இருந்தது. அதைச் செருக ஒரு வீடும் இருக்கவில்லை.

பெண்கள் அக்காவின் காலில் விழுந்தார்கள். அவர் அழுதுகொண்டிருந்தார். எல்லாரும் அதை நன்றிக் கண்ணீர் என்று நினைத்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்று அவர் சொன்னது வேறு. "தம்பி, தண்ணி நின்னுபோச்சு. நண்டும் போச்சு."

பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் படுத்தோம். பிறகு பாதைக்குக் கீழே காலியாகக் கிடந்த ஒரு பழைய லயத்தைத் தந்தார்கள். அங்கே போன முதல் கிழமையே கூத்து ஆரம்பித்தது. காலையில் அக்கா தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ஒரு மீன்கொத்தியைப் பார்த்துவிட்டு, "ஸ்தோத்திரம்! வந்து பாருங்க!" என்றார்.

லயம் காலியாகிவிட்டது. அடையாள அட்டை, பிறப்புச் சான்று, பிள்ளைகளின் பாடப் புத்தகம் எல்லாம் போட்டு வாசலில் தயாராக வைத்திருந்த மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு, கோழிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கங்காணியைக் கைவண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு எல்லாரும் பாதைக்கு ஏறிவிட்டார்கள். நானும் ஓடினேன். பீலிக்கரையில் அக்காவும் மீன்கொத்தியும் மட்டும் இருந்தார்கள். கொஞ்சத்தில் மீன்கொத்தியும் போய்விட்டது.

"ஒண்ணும் இல்லீங்க, பறவைங்க, பறவை" என்று அவர் கத்திக்கொண்டே பின்னால் வந்தார். யார் நம்பினார்கள்? தண்ணீருக்கும் அப்படித்தானே கூப்பிட்டார். அந்தி வானம் சிவந்ததற்கு ஒருமுறை ஓடினோம். ஒரு காளானுக்கு, மழையில், ஓடினோம். அதில் வழுக்கி விழுந்து ஒருத்திக்குக் கை முறிந்தது.

அனர்த்தங்களைக் கவனிக்கிற உத்தியோகத்தர் ஒருவர் வந்து அக்காவைப் பாராட்டி, ஒரு மஞ்சள் மேல்சட்டையும் கையில் பிடிக்கிற ஒலிபெருக்கியும் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தோட்டத்துத் தலைவர் கூட்டம் போட்டார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க எங்க உசிரக் காப்பாத்துனவங்க. ஆனா இனிமே அந்த வார்த்தைய ஆபத்துக்கு மட்டும் வச்சுக்குவோம். சும்மா சும்மா சொன்னா சனம் களைச்சுப்போகும். அப்புறம் நெசமான நாள்ல ஓடமாட்டாங்க."

எல்லாரும் அது நியாயம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். நியாயமாகத்தான் இருந்தது.

உபதேசியாரின் பாடு இன்னும் மோசம். கீர்த்தனைகளில் அந்த வார்த்தை வராத கீர்த்தனை உண்டா? ஜெபக்கூடத்தில் பாட்டு எழும்பினால் பக்கத்து லயம் மூட்டையோடு வெளியே வந்து நின்றது. கடைசியில் அந்த வார்த்தை வரும் இடத்தில் மட்டும் ஜன்னல்களைச் சாத்திவிட்டுப் பாடினார்கள். சாத்தவும் திறக்கவும் ஓர் ஆளை நிறுத்தினார்கள்.

அக்கா வேறு வார்த்தை தேடிப் பார்த்தார். அல்லேலூயா என்றார். அதற்கும் ஓடப் பழகிக்கொண்டார்கள். பேசாமல் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டப் பார்த்தார். அதைப் பார்த்து இன்னும் வேகமாக ஓடினார்கள். பிறகு அவர் வாயைத் துவாயால் மூடிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். ஏதாவது அழகாகக் கண்ணில் பட்டால் துவாயைக் கையால் அழுத்திக்கொள்வார், வாந்தியை அடக்குகிறவர் மாதிரி. ஆள் மெலிந்துபோனார். ஸ்டோருக்கு வரும் அவருடைய சாக்கில் கொழுந்து மட்டும் இருந்தது. காலையில் நான் நன்றாகத் தூங்கினேன். அதில் பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் எழும்பியதும், இங்கேயும் எங்களுக்கு நடுவில் இருந்த சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருக்கிறாரா என்று காது கொடுத்துக் கேட்பேன். எனக்கு அவரை நினைத்து வருத்தமாக இருந்தது.

அடுத்த அறுவடைப் பண்டிகைக்குப் பெரிய பாஸ்டர் ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். அக்கா சாட்சி சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் கதைதானே என்று நாங்களும் போய்ப் பின்னால் நின்றோம். அக்கா முன்னால் போய் நின்று துவாயை எடுத்தார். ஜன்னல்காரர் ஓடிப்போய் எல்லா ஜன்னலையும் சாத்தினார்.

அவர் தண்ணீரைப் பற்றிச் சொன்னார். கல்லில் வெடிப்பு எந்தப் பக்கம் இருந்தது, தண்ணீர் எப்படி வளைந்தது, வெயில் அதற்குள் எந்த வழியாகப் போனது, நண்டின் கால் என்ன நிறம். சபை காத்திருந்தது. அவர் நண்டை விட்டு நகரவில்லை.

பாஸ்டர் பொறுக்க முடியாமல், "அப்புறம் மலை சரிஞ்சது, இல்லையாம்மா?" என்றார்.

"ஆமாங்க ஐயா. அதுக்கப்புறம் பாக்க முடியல."

"கர்த்தர் உங்களை எச்சரித்தார், அல்லவா?"

அவர் யோசித்தார். "அது எனக்குத் தெரியாதுங்க ஐயா. எல்லாரும் பொழச்சதுக்கு தெனமும் ஸ்தோத்திரம் சொல்றேன், வாய்க்குள்ள. ஆனா அவரு அன்னிக்கி என்னையக் கூப்புட்டது தண்ணியக் காட்டத்தான். அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஒரு ஜெப விண்ணப்பம் இருக்குங்க ஐயா. நான் கூப்புட்டா ஓடாமப் பாக்கறதுக்கு ஒரே ஒரு ஆள் வேணும். அவருக்கு முன்னால தனியா நிக்க வெக்கமா இருக்கு" என்றார்.

பாஸ்டர் அடுத்த பாட்டைச் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த பங்குனி மாதத்தில் ஒருநாள், விடிந்ததும் ஸ்டோரிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தேன். லயத்துக்குப் போகும் பாதையில் ஓர் இடத்திலிருந்து பார்த்தால், மலை சரிந்த இடம் சிவப்பாகப் பெரிய புண் மாதிரித் தெரியும். எங்கள் வீடுகள் அதற்குள்தான் கிடக்கின்றன. அந்த இடம் வந்தால் எல்லாரும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் நடப்போம். நானும் அப்படித்தான். அன்றைக்கு அங்கே அக்கா நின்றார். இரண்டு கையாலும் துவாயை வாயில் அழுத்திப் பிடித்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்னக்கா, என்ன?" என்றேன். அவர் நாடியால் காட்டினார்.

வேறு வழியில்லாமல் பார்த்தேன். சிவப்பு மண்ணைக் காணவில்லை. அது முழுக்க வண்ணத்துப்பூச்சி. சிவனொளிபாத மலைக்குச் சனம் யாத்திரை போகிற காலத்தில் வரும் வெள்ளையும் மஞ்சளும். ஈர மண்ணில் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. ஒரு கூட்டம் எழும்பினால் இன்னொரு கூட்டம் இறங்கியது. என் காம்பரா இருந்த இடம், என் மனைவி தவணைக்கு வாங்கிய அலுமாரி புதைந்த இடம், அங்கேயும் இறங்கின. எனக்கு நெஞ்சு வலித்தது. நன்றாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்ததை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா துவாயைக் கடித்துக்கொண்டு நின்றார்.

நான் வருஷா வருஷம் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவன். அந்த வார்த்தையை அதுவரைக்கும் என் வாயால் சொன்னதில்லை. லயத்தின் பக்கம் திரும்பி, தொண்டை கிழிய, "ஸ்தோத்திரம்! எல்லாரும் வந்து பாருங்க!" என்று கத்தினேன்.

வந்தார்கள். மூட்டை, கோழி, பிள்ளை, கைவண்டி. பாதைக்கு ஏறி என்னைச் சூழ்ந்துகொண்டு, "எங்க? எந்தப் பக்கம்?" என்றார்கள். நான் கையை நீட்டினேன்.

"இதுக்கா கூப்புட்டீங்க?" என்றாள் மனைவி. அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இதுக்குத்தான்."

தலைவர் என் சட்டைக் கொலரைப் பிடித்தார். நான் அவர் முகத்தைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினேன். அவர் பார்த்தார். பிடித்த பிடியை விடாமலே பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தா, அங்கதான் நம்ம அடுப்படி" என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். "இல்ல, அது எங்கட வாசல், ஒங்கட அடுப்படி இன்னும் மேல" என்றாள் இன்னொருத்தி. மலை சரிந்த நாளிலிருந்து அவர்கள் அந்த இடத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

அக்கா துவாயை எடுத்தார். மெதுவாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஸ்தோத்திரம்" என்றார்.

யாரும் ஓடவில்லை. என் மனைவி மூட்டையைக் கீழே இறக்கி அதன்மேல் உட்கார்ந்தாள். அதைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். வந்த அவசரத்தில் கைவண்டியைத் தேயிலைப் பக்கம் பார்க்க நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. பின்னாலிருந்து கங்காணியின் குரல் கேட்டது.

"டேய், என்னையத் திருப்பி வைங்கடா! நானும் பாக்கணும்!"